பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் அண்ணன், அக்காமார்களிடம் ஓர் உதவி

வணக்கம். நான் பினாங்கின் பெருநிலப் பக்கம், பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை இருப்பது தீவுப் பக்கம். மின்னணுப் பொறியியல் படிப்பை இப்போதுதான் முடித்தேன். 1972-இல் இன்டெல் வந்த காலத்திலிருந்தே நம் பினாங்கில் மின்னணுச் சில்லு (சிப்) தொழில் நடக்கிறது. ஆனால் என் குடும்பத்தில் யாரும் அந்தத் தொழிற்சாலைகளுக்குள் வேலை பார்த்ததில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

டெஸ்ட் இன்ஜினியர், அதாவது தயாரிப்புகள் சரியாக இயங்குகின்றனவா என்று சோதிக்கும் பொறியாளர், வேலைக்கு முயல்கிறேன். கடைசி ஆண்டு புராஜெக்டில், சர்க்யூட் போர்டைக் கேமராவில் படம் பிடித்து, ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்புகளைக் கண்டுபிடிக்கும் ஒரு கருவி செய்தேன். விளக்கைச் சற்றுச் சாய்த்து வைத்தால்தான் குறை தெரியும். நேராக வைத்தால் எல்லாமே பளபளவென்று நல்லதாகவே தெரியும். இதை நேர்முகத் தேர்வில் எவ்வளவு விரிவாகச் சொல்லலாம்? ரெஸ்யூமேயில் முதலில் போடலாமா, இல்லை தொழிற்பயிற்சிக்குப் பிறகா?

அப்புறம், ‘எதிர்பார்க்கும் சம்பளம்’ என்ற கட்டம். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்பது தெரியும். பட்டதாரி அதற்கு மேல் எவ்வளவு கேட்பது நியாயம்? ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு போய்விடும், அதோடு தினமும் பாலம் தாண்டி வர வேண்டும். குறைத்துப் போட்டால் பல வருடம் அதிலேயே நின்றுவிடுவேனோ என்று கவலையாக இருக்கிறது.

மாண்டரின் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை என்று போட்ட விளம்பரங்களுக்கும் விண்ணப்பிக்கலாமா? எனக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் மட்டும்தான் வரும்.

யாராவது அரை மணி நேரம் ஒதுக்கி, நேர்முகத் தேர்வு மாதிரி என்னைக் கேள்வி கேட்டால் பெரிய உதவி. சனி, ஞாயிறு எந்த நேரமானாலும் சரி, தீவுப் பக்கம் நானே வந்துவிடுகிறேன்.