போக்குவரத்துத் தொழிலாளிக்கு ஒப்பந்தம், ஆசிரியருக்கு அரசாணை: ஏன் இந்த வேறுபாடு?

கேள்வி (நடத்துநரின் மகள்):

என் தந்தை அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராகப் பணிபுரிகிறார். என் அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை. தந்தையின் ஊதிய உயர்வுக்காகத் தொழிற்சங்கங்கள் அமைச்சரோடு சுற்றுச் சுற்றாகப் பேசி, முடிவில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகின்றன. அக்காவுக்கோ ஊதியக் குழு பரிந்துரைத்ததும் அரசாணை வருகிறது. அவருடைய சங்கம் எதிலும் கையெழுத்திடுவதில்லை. சட்டப்படி இதற்குக் காரணம் என்ன? கையெழுத்திடும் உரிமை இருப்பதால் தந்தையின் நிலைதான் வலுவானது என்று கொள்ளலாமா?

பதில் (தொழிலாளர் வழக்குகளை நடத்துபவர்):

சகோதரி, முதல் கேள்விக்கு விடை இருவரின் முதலாளி யார் என்பதில் இருக்கிறது. உங்கள் அக்கா அரசின் நேரடி ஊழியர். அரசியலமைப்பின் 309-ஆவது பிரிவின்கீழ் வகுக்கப்படும் பணி விதிகளே அவருடைய பணி நிபந்தனைகளைத் தீர்மானிக்கின்றன. அரசு அவற்றைத் தானாகவே திருத்திக்கொள்ளலாம். உங்கள் தந்தையோ சட்டப்படி ஒரு நிறுவனத்தின் தொழிலாளி. 1972-ஐ ஒட்டிப் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்ற பெயர்களில் போக்குவரத்துக் கழகங்கள் கம்பெனிகளாகத் தொடங்கப்பட்டன. அதனால் அவருக்குத் தொழில் தகராறுகள் சட்டம், 1947 பொருந்தியது. அதன் 12(3) பிரிவின்கீழ், தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னிலையில் நிர்வாகமும் சங்கங்களும் கையெழுத்திடுவதே நீங்கள் குறிப்பிடும் ஒப்பந்தம்.

அந்தப் பாதுகாப்பு இல்லாதவர்களுக்கு என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு 2003-இல் பார்த்தது. பறிக்கப்பட்ட சலுகைகளைத் திரும்பக் கேட்டு, அந்த ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்களில் ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை அரசு எஸ்மா எனப்படும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் விசாரணை ஏதுமின்றிப் பணிநீக்கம் செய்தது. டி.கே. ரங்கராஜன் வழக்கில் 2003 ஆகஸ்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மிக உரிமையோ இல்லை என்றது. பெரும்பாலோர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தே வேலைக்குத் திரும்பினார்கள். பேச்சுவார்த்தைக்கு மேசையே இல்லாதபோது தெருவுக்கு வந்தவர்களைத் தெருவுக்கு வந்ததற்காகவே தண்டித்த அந்தத் தீர்ப்பை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

பதில் (ஓய்வுபெற்ற ஓட்டுநர், முன்னாள் கிளைச் செயலாளர்):

வழக்கறிஞர் தோழர் சொன்னது சரி. இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். கையெழுத்துக்கு வலு உண்டு. ஆனால் அந்த வலு யார் கையில் சேர்கிறது என்பதைக் கவனியுங்கள். 12(3) ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டால், 18(3) பிரிவின்படி அது கையெழுத்திடாத சங்கத்தின் உறுப்பினரையும், நாளை வேலைக்குச் சேரப்போகிறவரையும் கட்டுப்படுத்தும். அதனால்தான் குரோம்பேட்டைப் பயிற்சி மையத்தில் பேச்சு நடக்கும்போது அறுபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் வந்து அமர்கின்றன. கையெழுத்திடும் சங்கங்களில் ஆளும் கட்சி சார்ந்தது எப்போதும் ஒன்று. ஆட்சி மாறும்போது தி.மு.க. சார்ந்த தொ.மு.ச.வும் அ.தி.மு.க. சார்ந்த அண்ணா தொழிற்சங்கப் பேரவையும் இடம் மாறிக்கொள்ளும்.

2018 ஜனவரியில் நடந்தது இதுதான். பதின்மூன்றாவது ஊதிய ஒப்பந்தத்தில் பழைய அடிப்படை ஊதியத்தைப் பெருக்கும் காரணியாகச் சங்கங்கள் 2.57 கேட்டன, அரசு 2.44-க்கு மேல் வரவில்லை. உடன்பட்ட சங்கங்களோடு கையெழுத்தாயிற்று. உடன்படாதவர்கள் 4-ஆம் தேதி மாலையே பேருந்துகளை நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து, ஓய்வுபெற்ற நீதிபதி இ. பத்மநாபனைச் சென்னை உயர் நீதிமன்றம் நடுவராக நியமித்த பிறகே பொங்கலுக்கு வண்டி ஓடியது.

கேட்டவர்:

நன்றி ஐயா. அப்படியானால் ஒப்பந்தம் காலாவதியான பிறகு அரசு பேசாமல் இழுத்தடித்தால் என்ன செய்ய முடியும்?

பதில் (ஓய்வுபெற்ற ஓட்டுநர்):

தொழிலாளியை மிகவும் வருத்துவது அதுதான் அம்மா. புதியது வரும்வரை பழைய ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும் என்பதால் நிர்வாகத்துக்கு அவசரமே இல்லை. பதினான்காவது ஒப்பந்தம் 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். கையெழுத்தானது 2022 ஆகஸ்டில், 5 சதவீத உயர்வோடு. மூன்றாண்டு என்றிருந்த ஒப்பந்தக் காலமும் அப்போது நான்காண்டாக நீண்டது. பதினைந்தாவது 2023 செப்டம்பரில் தொடங்க வேண்டியது, 2025 மே மாதத்தில்தான் 6 சதவீத உயர்வோடு முடிந்தது. காலம் கடந்து வரும் உயர்வில் நிலுவை எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்படும் என்பதே பெரிய பேரமாகிவிடுகிறது. அந்த இடைவெளியில் ஓய்வு பெறுகிறவர் குறைந்த அடிப்படை ஊதியத்தை வைத்துக் கணக்கிட்ட பணிக்கொடையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், திருத்தத்துக்காக மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். சதவீதத்தைப் பற்றிப் பேசுகிற தலைவர்கள் தேதியைப் பற்றியும் அதே குரலில் பேச வேண்டும் என்பது என் கருத்து.

பதில் (தொழிலாளர் வழக்குகளை நடத்துபவர்):

இன்னொன்றையும் சேர்க்கிறேன். சமரசப் பேச்சு நிலுவையில் இருக்கும்போது நடத்தும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம்; ஆகவே தொழிலாளர் துறை பேச்சுக்கு அழைத்த உடனேயே சங்கத்தின் கை கட்டப்படுகிறது. 2024 ஜனவரி 9-இல் தொடங்கிய வேலைநிறுத்தமும், பொங்கல் கூட்டத்தைக் காரணம் காட்டிய உயர் நீதிமன்றத்தின் கேள்விகளுக்குப் பிறகு மறுநாளே தள்ளிவைக்கப்பட்டது.

1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பை ஒன்றிய அரசு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. அதன்படி 51 சதவீத உறுப்பினர்களைக் கொண்ட சங்கமே தனியாகப் பேசும். அப்படி ஒரு சங்கம் இல்லையென்றால் 20 சதவீதம் உள்ளவை சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு அமைக்கும். சிறிய சங்கங்கள் மேசையை விட்டு வெளியேறும். எந்தச் சங்கத்துக்கு எத்தனை பேர் என்பதை ரகசிய வாக்கெடுப்பில் கணக்கிடாமல் ஊதியத்திலிருந்து சங்கச் சந்தாவைப் பிடிக்கும் நிர்வாகத்தின் பட்டியலை வைத்துக் கணக்கிட்டால், ஆளும் கட்சிச் சங்கமே பெரும்பான்மையாகும். அடுத்த ஒப்பந்தப் பேச்சு தொடங்கும் முன்பே வாக்கெடுப்பு வேண்டும் என்று எழுத்துமூலம் கோரும்படி உங்கள் தந்தையின் சங்கத்தாரிடம் சொல்லுங்கள்.