தாண்டிக்குடிப் பக்கத்து நாகம் விஷம் துப்புமா?

களத்துமேட்டான்
கொடைக்கானல் கீழ்மலையில தாண்டிக்குடிக்குக் கீழ நமக்கு நாலு ஏக்கர் காப்பி, ஊடால மிளகும் மலைவாழையும். போன சனிக்கிழமை சாயங்காலம் களத்து ஓரத்துல நம்ம நாய் மணி விடாம குரைச்சுது. போய்ப் பாத்தா நல்ல பாம்பு, ஒண்ணரை அடிக்குப் படமெடுத்து நிக்குது. கம்பை எடுக்க நான் திரும்பினதுதான் தெரியும், 'புஸ்ஸ்'னு ஒரு சத்தம். மணி மூஞ்சியைத் தரையில தேய்ச்சுக்கிட்டு உருளுது. ராத்திரிக்குள்ள இடது கண்ணு வீங்கிருச்சு, காலையில கருவிழி மேல பால் படிஞ்ச மாதிரி ஒரு வெள்ளை. கடிவாய் எங்கயும் இல்ல, முடியை ஒதுக்கி ஒதுக்கிப் பாத்தாச்சு. நம்ம மலையில துப்புற நாகமே கிடையாதுன்னு எழுதுறவங்க இதுக்கு ஒரு பதிலைச் சொல்லுங்க. இனிமே களத்துப் பக்கம் தலை காட்டினா அடிதான்.

பாறைப்பல்லி
அண்ணே, மொதல்ல மணியை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களா? கண்ணு வெள்ளையாச்சுன்னா நாள் கடத்தக் கூடாது.

விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊர் நல்ல பாம்பு துப்புற ஜாதி இல்ல. இது நம்பிக்கை சமாச்சாரம் இல்லண்ணே, பல்லோட அமைப்பு. கடிக்க மட்டும் செய்யுற நாகத்துக்கு விஷப்பல் நுனிக்கிட்ட இருக்குற ஓட்டை நீளவாக்குல கீழ பாத்து இருக்கும், விஷம் வழிஞ்சு இறங்கும். துப்புற நாகத்துக்கு அந்த ஓட்டை சின்னதா, உருண்டையா, முன்பக்கம் பாத்து இருக்கும். விஷப்பையைச் சுத்தியிருக்குற தசை இறுக்கிப் பிடிச்சா பீச்சாங்குழல் கணக்கா பீச்சும். ஆறேழு அடி தூரம் சாதாரணமா வரும்.

அந்த ஜாதியெல்லாம் ஆப்பிரிக்காவுலயும், தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கமும்தான். நம்ம நாட்டுல வங்காளம், வடகிழக்குல இருக்குற ஒற்றை வட்ட நாகம் சில இடங்கள்ல துப்பினதாப் பதிவு இருக்கு. நம்ம மலையில இருக்குறது படத்துல மூக்குக்கண்ணாடிக் குறி போட்டது. நீங்க கேட்ட 'புஸ்' அதோட சீறல். காத்தை வேகமா வெளிய விடுது, அவ்வளவுதான்.

களத்துமேட்டான்
வங்காளத்துல துப்புமாம், தாண்டிக்குடியில துப்பாதாம். பாம்புக்கு எல்லைக்கல்லு நட்டு வெச்சிருக்காங்களா தம்பி? கண்ணால பாத்தவன் நான்.

மொம்பாசா ரிட்டன்
கண்ணால பாத்தது நீங்க, கண்ணுல வாங்கினது நான். அதனால கொஞ்சம் சொல்லலாம்.

சொந்த ஊர் பெரும்பாறை. கென்யாவுல மலிண்டிப் பக்கம் நாலு வருஷம் கட்டட வேலை. ஒரு நாள் காலையில பலகை அடுக்கைப் பிரிச்சேன். உள்ள பழுப்பு நிறத்துல ஒண்ணு, நம்ம நாகத்தை விட ரெண்டு மடங்கு கனம். எழுந்து நின்னுச்சு. வெயிலுக்காகக் கூலிங்கிளாஸ் போட்டிருந்தேன். அது வாயைத் திறந்ததை நான் பாத்த மாதிரியே இல்ல, தலையை ஒரு வெட்டு வெட்டுச்சு. அடுத்த நொடி கண்ணாடி பூரா மஞ்சளாப் பொட்டுப் பொட்டு. ஓரத்துல ஒரு துளி உள்ள போயிருச்சு. மொளகா அரைச்ச கையால கண்ணைக் கசக்கிப் பாத்திருக்கீங்கல்ல? அதெல்லாம் தாலாட்டு. வாட்ச்மேன் என் தலையைப் புடிச்சுக் குழாயடியில அமுக்கினவன் இருபது நிமிஷம் விடல. மூச்சு முட்டிச் செத்துருவேன்னு நெனச்சேன். அந்தத் தண்ணிதான் என் கண்ணைக் காப்பாத்துச்சுன்னு அப்புறம் டாக்டர் சொன்னார்.

அந்தக் கடற்கரைப் பாம்பை 2007லதான் தனி இனம்னு பேர் வெச்சாங்க. வாட்டமுவுல பாம்புப் பண்ணை வெச்சிருந்த ஜேம்ஸ் ஆஷ் நினைவா நாஜா ஆஷேய்னு பேர். துப்புற நாகத்துலயே பெரிசு, ஒம்பது அடி வரைக்கும் வளரும்.

நான் கேக்குறது ஒண்ணுதான். துப்பினா ரெண்டு பல்லுலயும் சேர்ந்து வரும், தலையை ஆட்டி ஆட்டி மூஞ்சி பூராத் தெளிக்கும். அப்படித் தெளிச்சாத்தான் ஒரு கண்ணுலயாவது படும்னு அதுக்குக் கணக்கு. உங்க நாய் மூக்கு, நெத்தியில எல்லாம் துளி இருந்துச்சா?

களத்துமேட்டான்
கவனிக்கல. நாய் துடிக்கும்போது துளி எண்ணுவாங்களா?

பண்ணைக்காட்டுப் பேத்தி
என் ஆச்சி சொன்ன பாம்பெல்லாம் ஞாபகத்துக்கு வருது. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும், கொம்பேறி மூக்கன் கடிச்சுட்டுச் சுடுகாட்டுக்குப் போய்ப் பொகை வருதான்னு பாக்கும், நாகம் ரத்தினத்தைக் கக்கி வெச்சு அந்த வெளிச்சத்துல இரை தேடும். ஒண்ணும் நெசமில்லதான். அந்தப் பயத்துல எத்தனை பச்சைப் பாம்பைக் கம்பால அடிச்சிருக்கோம், பாவம்.

ஆனா பல்லி தம்பிகிட்ட எனக்கு ஒரு சண்டை. நீங்க "துப்பாது, துப்பாது"ன்னு எழுதுறதைப் படிச்சுட்டுப் பசங்க செல்போனை நீட்டிக்கிட்டு நாலடிக்குள்ள போறாங்க. ஆச்சி கதை பொய், ஆனா நாங்க புதருக்குள்ள மூஞ்சியை நீட்ட மாட்டோம்.

பாறைப்பல்லி
அக்கா, பாதி ஒத்துக்குறேன். துப்பாதுன்னா கிட்டப் போலாம்னு அர்த்தம் இல்ல. ஆனா பொய்யைச் சொல்லித் தூரமா நிறுத்தினா அதே பயம்தான் களத்துமேட்டு அண்ணன் கையில கம்பைக் குடுக்குது.

துப்புற பாம்பும் துரத்தி வந்து துப்பாது. இரை புடிக்கத் துப்புறதே இல்ல, எலியைக் கடிச்சுத்தான் புடிக்கும். துப்புறது "கிட்ட வராதே"ங்குறதுக்கு மட்டும். 2021ல வந்த ஒரு ஆராய்ச்சி: ஆப்பிரிக்க நாகம், ஆசிய நாகம், நாகத்துக்குச் சொந்தக்காரப் பாம்பான தென்னாப்பிரிக்காவோட ரிங்கால்ஸ், இந்த மூணும் தனித்தனியா இந்த வித்தையைக் கத்துக்கிட்டிருக்கு. மூணு விஷத்துலயும் ஒரே ஏற்பாடு: செல்லைச் சிதைக்குற நச்சோட இன்னொரு நொதி சேர்ந்து வலி நரம்பை உசுப்பி விடுது. கொல்றதுக்கு இல்ல, வலிக்க வைக்குறதுக்குன்னே கூட்டின மருந்து. கையில கல்லும் கம்புமா நிமிர்ந்து நடந்த நம்ம முன்னோருக்குப் பயந்துதான் இது வந்திருக்குமோன்னு ஒரு ஊகமும் அதுல இருக்கு. ஊகம்தான், ஆனா எனக்குப் பிடிச்சிருக்கு.

களத்துமேட்டான்
அப்ப என் கம்புக்குப் பயந்துதான் துப்பக் கத்துக்குச்சுங்குற. நல்ல கதை.

கணக்கப்பிள்ளை
எஸ்டேட்ல இருபத்தாறு வருஷம். துப்புதா துப்பலையான்னு நீங்க பேசுற நேரத்துல எங்க பொம்பளையாளுங்க பயப்படுறது வேற ஒண்ணுக்கு. காப்பிச்செடியிலயும் ஏலச்செடியிலயும் இலையோட இலையாச் சுருண்டு கெடக்குற பச்சை விரியன். நாகமாவது படமெடுத்துச் சொல்லும், இது கை பட்ட பொறவுதான் தெரியும். ஆஸ்பத்திரியில இருக்குற விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்குத்தான். வடநெம்மேலியில இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978லருந்து விஷம் எடுத்துக் குடுக்குறதும் இந்த நாலுலதான். பச்சை விரியனுக்குன்னு நம்ம நாட்டுல தனி மருந்து கிடையாது. அது அவ்வளவாக் கொல்லாது, ஆனா கை தொடையாட்டம் வீங்கும்.

களத்துமேட்டுத் தம்பி, நாகத்தை அடிச்சா 1972 வனவிலங்குச் சட்டத்துல கேஸு. அதுவும் போக, களத்துக்கு அது எலிக்கு வருது. அதை அடிச்சா எலி உங்களுக்கு.

இன்னொண்ணு. இப்ப மிளகுக்கு மருந்தடிக்குற நேரமாச்சே. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவையை எங்க வெச்சுக் கலக்குறீங்க?

களத்துமேட்டான்
சட்டம் வந்து என் நாய்க்குக் கண்ணு குடுக்குமா?

கலக்குறது களத்து ஓரத்துலதான். எதுக்குக் கேக்குறீங்க?

கணக்கப்பிள்ளை
சுண்ணாம்பு நீத்தின ட்ரம்மு மூடியிருந்துச்சா?

மொம்பாசா ரிட்டன்
ஆகா.

பாறைப்பல்லி
சுண்ணாம்புத் தண்ணி கண்ணுல பட்டா அதே மாதிரிதான் வெளுக்கும். எதுவா இருந்தாலும் மொதல் வேலை ஒண்ணுதான், ஓடுற தண்ணியில கால் மணி, இருபது நிமிஷம் விடாம கழுவுறது. விளக்கெண்ணெய், மூலிகைச் சாறு எதுவும் வேணாம். பாம்பு விஷமே பட்டாலும் விஷமுறிவு மருந்தைக் கண்ணுல ஊத்துற வழக்கம் இல்ல.

பண்ணைக்காட்டுப் பேத்தி
எங்க ஊர்ல தாய்ப்பால் பீச்சுவாங்க. பக்கத்துல தண்ணி இருக்கும்போது கைப்பிள்ளைக்காரி வீட்டைத் தேடி ஓடுறது எனக்கே இப்பச் சிரிப்பா இருக்கு.

களத்துமேட்டான்
ரெண்டு நாளா இந்தப் பக்கம் வரல. வத்தலக்குண்டுக்குக் கொண்டு போய் மாட்டு டாக்டர்கிட்ட காட்டினேன். காரமா ஏதோ பட்டு வெந்திருக்கு, பாம்பா சுண்ணாம்பான்னு பாத்துச் சொல்ல முடியாதுன்னுட்டார். சொட்டு மருந்து குடுத்திருக்கார், தேய்க்காம இருக்கக் கழுத்துல பிளாஸ்டிக் கூம்பு. வெள்ளை கொஞ்சம் விலகியிருக்கு.

ட்ரம்மு மூடியிருந்துச்சான்னு வேலைக்கு வந்த பையனைக் கேட்டேன். சாக்குதான் போட்டு வெச்சானாம். நான் போறப்ப சாக்கு கீழ கெடந்துச்சு. நாய் பின்னால துள்ளும்போது தட்டியிருக்கலாம், சொல்ல முடியாது. ஆனா அந்த 'புஸ்ஸ்' என் காதுலயே இருக்கு. நான் ஒத்துக்கிட்டதா எழுதிறாதீங்க.

அடிக்கல. வாழைத்தார் அடுக்கி வெச்ச கொட்டகையில எலி வளை ஏழு இருந்துச்சு, அதை மொதல்ல அடைக்கிறேன். நேத்து ட்ரம்மைக் கழுவித் திண்ணையில கவுத்து வெச்சேன். மணி கூம்போட வந்து அதைச் சுத்திச் சுத்திக் குரைச்சுட்டுப் போகுது.

மொம்பாசா ரிட்டன்
சாட்சி வந்துருச்சு அண்ணே.

களத்துமேட்டான்
அது பாம்பைப் பாத்தும்தான் குரைச்சுது.