விஞ்ஞானியை வரையச் சொன்னபோது: மண்டபம் கடற்கரை அனுபவங்கள்

பள்ளி ஆசிரியை, மண்டபம்:

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஒரு விஞ்ஞானியை வரையுங்கள் என்று மட்டும் சொன்னேன். டேவிட் சேம்பர்ஸ் என்னும் ஆய்வாளர் 1983-இல் வெளியிட்ட சோதனைதான் இது. அவர் திரட்டிய 4,807 குழந்தைகளின் படங்களுள் 28-இல் மட்டுமே பெண் விஞ்ஞானி இருந்தார். அந்த 28-ஐயும் வரைந்தவர்கள் சிறுமியரே. அக்குழந்தைகளின் விஞ்ஞானிக்கு வெள்ளை அங்கியும் மூக்குக்கண்ணாடியும் தாடியும் இருந்தன. எங்கள் பிள்ளைகளின் தாள்களில் தாடியைக் காணோம். அதற்குப் பதிலாக, நடுவகிடு எடுத்துக் காதோரம் வழியும் நரைமுடி இருந்தது. இராமேசுவரத்தில் பிறந்த கலாமின் முகத்தைச் சுவரெல்லாம் பார்த்து வளரும் பிள்ளைகள் வேறு எப்படி வரைவார்கள்? தீவில் பிறந்த பிள்ளையும் விஞ்ஞானி ஆகலாம் என்று சொல்லித்தந்த முகம் அது. அதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை.

ஒரு சிறுமியின் படத்தில் மட்டும் ஒரு பெண் இருந்தார். விரல்களில் துணி சுற்றி, பாதங்களில் தகடு கட்டி, கையில் வலைப்பையுடன் நின்றார். அருகே வட்டக் கண்ணாடித் தட்டை ஏந்திய ஆண். யாரென்று கேட்டேன். “எங்கம்மா டீச்சர். சாருக்குப் பாசி எடுத்துக் குடுக்குறாங்க” என்றாள். அவளுடைய தாய் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்துதான் அகார் என்னும் கூழ்ப்பொருள் கிடைக்கிறது. கண்ணாடித் தட்டில் நுண்ணுயிர்களை வளர்க்க உதவுவதும் அகார்தான். சமையலறையில் அதைப் பயன்படுத்திப் பழகிய ஃபேனி ஹெஸ்ஸே என்னும் பெண்மணி, நுண்ணுயிர் ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய தம் கணவருக்கு 1881-இல் அந்த யோசனையைச் சொன்னார். மறு ஆண்டு கோக் எழுதிய கட்டுரையில் அகார் இடம்பெற்றது, ஃபேனியின் பெயர் இடம்பெறவில்லை. இதைச் சொன்னதும், “அப்ப அவங்க விஞ்ஞானியா, சமைக்கிறவங்களா?” என்று கேட்டாள். கணவரின் ஆய்வுக்கு உதவியாளராக இருந்து படங்களும் வரைந்து கொடுத்தவர் என்றேன். அவளுக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை.

கடல்பாசி ஆய்வாளர், பாம்பன்:

ஆசிரியையின் பதிவைப் படித்ததும் எனக்கு நேர்ந்தது நினைவுக்கு வந்தது. முழங்கால் தண்ணீரில் சதுரச் சட்டத்தை வைத்துப் பாசி கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் கூடிவிட்டார்கள். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத் திட்டத்தை வழிநடத்தியவர் செங்கோட்டை நிகர் ஷாஜி என்று தயங்காமல் சொன்ன அதே சிறுமி, கரையில் நின்ற எங்கள் ஓட்டுநரிடம் போய், “சார், எங்க கடல்ல என்ன ஆராய்ச்சி பண்றீங்க?” என்று கேட்டாள். “நான் வண்டி ஓட்டுறவன் பாப்பா, ஆராய்ச்சி அந்த அக்காதான்” என்று அவர் நெளிந்தார். வினாடி வினாவுக்காக மனப்பாடம் செய்த பெயர், கண்முன் நிற்கும் பெண்ணோடு பொருந்திவிடுவதில்லை என்பது என் எண்ணம். பாசி எடுக்கும் அக்காமார்களுக்கு அந்தக் குழப்பமே இல்லை. அடியை விட்டுக் கிள்ளினால்தான் மறுபடி தழைக்கும் என்று என்னோடு வாதாடி, என் குறிப்பேட்டில் எழுதவும் வைத்தார்கள். இப்போதெல்லாம் சட்டத்தைப் பிடிக்கவும் எண்ணிக்கை எழுதவும் அந்தச் சிறுமிகளையே அழைத்துக்கொள்கிறேன். ஓட்டுநர் அண்ணன் கேள்விகளுக்குப் பயந்து வண்டியை விட்டு இறங்குவதில்லை.