டிரைவர் சீட் லெதர் மூணே வருஷத்துல வெடிக்குது

2022 மாடல் செடான், 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. டிரைவர் சீட்ல கதவுப் பக்கம் மேடா இருக்குமே, ஏறி இறங்கும்போது தொடை உரசுற இடம், அங்க மட்டும் கலர் போய் வெடிப்பு விட்டிருக்கு. ஆறு மாசம் முன்னாடி வெறும் சுருக்கம்தான். மத்த சீட்டெல்லாம் புதுசு மாதிரி இருக்கு. வெடிப்புல ஒரு சொட்டு தண்ணி விட்டா உடனே உறிஞ்சிடுது.

மாசாமாசம் லெதர் காயாம இருக்கத் தடவுற கண்டிஷனர் போட்டேன். மேல பெயின்ட் பூச்சு இருக்கிற லெதர்ல அது உள்ள இறங்காதுன்னு அப்புறம்தான் உறைச்சது. ஷூ பாலிஷ் போட்டது என் முட்டாள்தனம், அத்தனையும் பேன்ட்ல ஒட்டிக்கிச்சு. சர்வீஸ் சென்டர்ல "தேய்மானம், வாரன்டி வராது"ன்னு முடிச்சிட்டாங்க.

ஆல்கஹால் வெச்சு துடைச்சு, ஃபில்லர் அடைச்சு, லெதர் கலர் பூசி, மேல கிளியர் கோட் (கலர் இல்லாத பாதுகாப்புப் பூச்சு) அடிக்கலாம்னு இருக்கேன். தினமும் உரசுற அந்த இடத்துல இது ஒரு வருஷமாவது தாங்குமா, செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க?