அமெரிக்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டில் சமவாய்ப்பு: நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள்

மேப்பிள் நிழல்:
கிஃப்டட் டெஸ்டுக்கு, அதாவது அதிகத் திறமையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பில் சேர்க்கும் தேர்வுக்கு, இனி பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டாம், இரண்டாம் வகுப்பில் எல்லோருக்கும் வைத்துவிடலாம் என்று எங்கள் டிஸ்ட்ரிக்ட் யோசித்தது. போர்டு மீட்டிங்கில் எதிர்த்துப் பேசத்தான் போனேன். என் பெண் ஏற்கெனவே அந்த வகுப்பில் இருந்தாள். கூட்டம் சேர்ந்தால் தரம் போய்விடும் என்று இரண்டு நிமிடத்துக்கு அளந்து எழுதி வைத்திருந்தேன்.

எனக்கு முன்னால் ஒரு அம்மா. ஸ்பானிஷ்தான் பேசினார். தோளில் குழந்தை தூங்குகிறது. நாலாக மடித்த கடிதத்தைப் பிரித்துக் காட்டினார். போன வருடம் டெஸ்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி வந்தது, ஆங்கிலத்தில் மட்டும். அந்த வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தது ஏழு வயதுப் பையனுக்குத்தான். "அவன்தான் படித்தான். ஏதோ டெஸ்ட், இஷ்டம் இருந்தால் எழுதலாமாம் என்றான்." மொழிபெயர்ப்பாளர் பேசிய நேரமும் அவருடைய இரண்டு நிமிடத்திலேயே கழிந்தது. பாதி வாக்கியத்தில் பஸ்ஸர். கடிதத்தை அதே மடிப்பில் மடித்துக்கொண்டு போனார்.

அடுத்து என் பெயர். பேசவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ராத்திரி ஷிஃப்ட்:
எல்லோருக்கும் டெஸ்ட் என்றால் எல்லோரும் கோச்சிங் போவார்கள், அவ்வளவுதான். நம்ம ஆட்களே முதலில் நிற்பார்கள். எனக்கு உறுத்துவது வேறு. மகனோடு லஞ்ச் சாப்பிடப் போன அன்று, முன்னால் நின்ற பையன் தன் லஞ்ச் கணக்கு நம்பரை அழுத்தினான். கணக்கில் பாக்கி. சூடான தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒரு சீஸ் சாண்ட்விச்சை நீட்டினார்கள். வாங்கிய தட்டை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, குப்பையில்தான் கொட்டினார்கள்.

இரண்டு பிள்ளை அப்பா:
ராத்திரி ஷிஃப்ட், நீங்கள் சொல்லும் கோச்சிங் கதையை விடுங்கள். ஃப்ளோரிடாவின் ப்ரோவர்டு (Broward) கவுன்டியில் 2005-இல் இப்படித்தான் எல்லோருக்கும் டெஸ்ட் வைத்தார்கள். அதுவரை யாரும் பரிந்துரைக்காத கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகள் நிறையப் பேர் தேறினார்கள். அப்புறம் பட்ஜெட் இல்லை என்று நிறுத்தினார்கள், எண்ணிக்கை பழையபடி இறங்கியது. பிள்ளைகளா மாறினார்கள்?

கல்யாணி அக்கா:
மேப்பிள், பிள்ளையை மொழிபெயர்க்க விடவே கூடாது. முக்கியமான தகவலைப் பெற்றோருக்குப் புரியும் மொழியில் தருவது டிஸ்ட்ரிக்ட்டின் கடமை. 1964 சிவில் உரிமைச் சட்டத்திலிருந்து வருவது. 1974-இல் லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில், சான் ஃபிரான்சிஸ்கோ சீனப் பிள்ளைகளுக்காக உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை வைத்துத்தான் தீர்ப்புச் சொன்னது. எதையும் வாயால் கேட்காதீர்கள், மெயிலில் கேளுங்கள், தேதி நிற்கும். குறைபாடுள்ள பிள்ளைகளின் சிறப்புக் கல்விக்கான மதிப்பீடா? சம்மதக் கையெழுத்துப் போட்டதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க வேண்டும். மாநிலம் வேறு கெடு வைத்திருந்தால் அது. காலண்டரில் குறித்து வையுங்கள். மீட்டிங்குக்கு இன்னொருவரைக் கூட்டிப் போங்கள், அவர் குறிப்பெடுக்கட்டும்.

என் கதையா? நான் வாயால் கேட்டேன். ஒரு வருடம் போச்சு.

மேப்பிள் நிழல்:
சரி அக்கா, ஆனால் யாரிடம் போய்ச் சொல்ல? அந்த அம்மாவின் பெயர்கூடத் தெரியாது. தீர்மானம் அன்றைக்கே நிறைவேறிவிட்டது, இந்த வருட இரண்டாம் வகுப்பிலிருந்து. அவர் பையன் இப்போது மூன்றாம் வகுப்பு.