ஆச்சிக்கு மோட்டார் பெடல் மெஷின்: நடுவுல நின்னு பின்பக்கமா சுத்துது, பழுதா?

அம்பைக்காரன்
அண்ணாச்சிமாரே, ஆச்சிக்கு 72 வயசு. ஸ்ட்ரோக் வந்து ஏழு மாசம் ஆகுது. இடது கை கால் விறைப்பு, சுகரும் உண்டு. பெடல் பயிற்சி செய்யலாம்னு டாக்டர் சொல்லியாச்சு. வாங்கியிருக்கிறது மோட்டார் உள்ள மெஷின். காலை கட்டிவிட்டா தானா சுத்தும், மிதிச்சா பாரமும் கொடுக்கும், எந்தக் கால் எவ்வளவு மிதிக்குதுன்னு இடது வலது பங்கும் திரையில தெரியும். வேகம் நிமிஷத்துக்கு 40 சுத்துல வச்சு அரை மணி நேரம் ஓட்டுதோம். ரெண்டு மூணு நிமிஷத்துல டக்குனு நின்னு, எதிர்ப்பக்கமா மெதுவா சுத்த ஆரம்பிச்சிருது. இடது முட்டி வெளிப்பக்கம் சாயுது. தார்சாவுல ரெட் ஆக்சைடு தரை, நாற்காலி வேற பின்னால வழுக்கிட்டே போகுது. எதை மாத்தணும்?

பாளை பிசியோ
மெஷின் பழுதில்லை, தன் வேலையைத்தான் செய்யுது. விறைப்புள்ள கால் வெட்டி இழுக்கும்போது மோட்டாருக்குப் பாரம் திடீர்னு ஏறும். அதை உணர்ந்து மெஷின் நின்னு, சதை தளரட்டும்னு எதிர்த்திசையில மெதுவா சுத்தும். இந்த வசதியை ஒருபோதும் அணைச்சு வைக்காதீங்க. காலை ஏன் இழுக்குதுன்னு பாருங்க.

முதல் காரணம் வேகம். விறைச்ச சதையை வேகமா நீட்டினா அது இன்னும் இறுகும். 40 ரொம்ப அதிகம். நிமிஷத்துக்கு 10 முதல் 15 சுத்துல ஆரம்பிங்க. இழுப்பு இல்லாம ஒரு வாரம் போனபிறகு 20க்கு ஏத்தலாம். நேரமும் முதல்ல 5 நிமிஷம், காலை மாலை ரெண்டு வேளை. அப்புறம் ஒன்னு ரெண்டு நிமிஷமா கூட்டி 15 அல்லது 20ல நிறுத்திக்கோங்க.

அடுத்தது நாற்காலி இடைவெளி. இதைத்தான் பெரும்பாலும் கவனிக்கிறதில்லை. பெடல் தூரத்துல போகும்போது முட்டி முழுசா நீளக்கூடாது, லேசா மடங்கியே இருக்கணும். முழுசா நீண்டா அந்த இடத்துல முட்டி பூட்டிக்கும், மெஷினும் அதை இழுப்புன்னு எடுத்துக்கும். ரொம்ப கிட்ட உட்கார்ந்தா முட்டி நெஞ்சுப் பக்கம் ஏறி இடுப்பு வலிக்கும். கரண்டை போடுறதுக்கு முன்னாடி கையாலேயே பெடலை ஒரு முழுச்சுத்து சுத்திப் பாருங்க. எங்கே தடுக்குதுன்னு கையிலேயே தெரிஞ்சிரும். பெடல் தண்டுல ரெண்டு துளை இருந்தா உள்பக்கத் துளையில மாட்டுங்க. சுத்து சின்னதானா முட்டி மடங்கறதும் குறையும்.

மூணாவது பாதம். முன்பாதம் மட்டும் பெடலை அழுத்தினா கெண்டைச் சதை வெடுக்குனு நீண்டு, கால் உதற ஆரம்பிக்கும். குதிகாலைப் பின்தட்டு வரைக்கும் தள்ளி, பாரம் குதிகால்ல விழுற மாதிரி கட்டுங்க. முட்டி வெளியே சாயாம இருக்க கெண்டைக்கால் தாங்கி தேவை. மெஷினோட வரலைனா தனியா வாங்குங்க. தாங்கியில்லாம, முட்டியோடு முட்டி சேர்த்துக் கட்டறது கூடாது. முட்டியில திருகல் விழும்.

இன்னொன்னு. மெஷினே சுத்திவிட்டா மூட்டு இறுகாம இருக்கும், அவ்வளவுதான். பலம் வரணும்னா ஆச்சி தானும் மிதிக்க முயற்சி செய்யணும். முதல் 2 நிமிஷம் மெஷின் சுத்தட்டும், நடுவுல குறைஞ்ச பாரத்துல அவங்க மிதிக்கட்டும், கடைசி 2 நிமிஷம் மறுபடி மெஷின். இடது பங்கைத் திரையில பார்த்துச் சொல்லிக்கிட்டே இருங்க. வலதுகாலே 90 சதவீதம் மிதிச்சா இடதுக்குப் பயனில்லை. பாரத்தைக் குறைச்சு, "இடதுகாலால மிதிங்க ஆச்சி"ன்னு ஒவ்வொரு சுத்துக்கும் சொல்லணும்.

கல்லிடை நர்ஸ்
சுகர் இருக்கிறதால பாதத்தை விட்டுறாதீங்க. உணர்ச்சி குறைஞ்ச கால்ல பட்டை அறுத்தாலும் தெரியாது. வெறுங்கால் வேண்டாம், பருத்திக் காலுறையும் பின்பக்கம் மூடின மென்மையான ஷூவும் போடுங்க. முடிச்சதும் குதிகால், கணுக்கால் எலும்பு, விரலிடுக்கு மூணையும் பாருங்க. சிவப்பு அரை மணி நேரத்துல போகலைனா பட்டை இறுக்கம், அன்னைக்கு நிறுத்துங்க. இன்சுலின் போட்டா வெறும் வயித்துல ஓட்டாதீங்க. சர்க்கரை 100க்குக் கீழ இருந்தா ஏதாவது சாப்பிட்டுட்டு உட்காரட்டும். பிரஷர் 180/110க்கு மேல இருந்தா அன்னைக்கு வேண்டாம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடா, தொட்டா வலிச்சா மெஷின்ல வைக்கவே கூடாது, எண்ணெய் போட்டு உருவவும் கூடாது. ரத்தக்கட்டியா இருக்கலாம். உருவினா அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். உடனே பாளை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ கூட்டிட்டுப் போங்க. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், தலைசுத்தல் வந்தாலும் அப்படித்தான்.

சேலையும் நைட்டியும் பெடல் தண்டுல சுத்திக்கும். முட்டிக்குக் கீழ தொங்காத கால்சட்டை போட்டுவிடுங்க. தைலம் தேய்ச்ச காலோட உட்கார வைக்காதீங்க, தாங்கி வழுக்கும். 2021ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம்ங்கிற அரசுத் திட்டத்துல பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் கொடுத்தா, நாற்காலி இடைவெளியை நேர்ல பார்த்துச் சரி பண்ணிக்கலாம்.

பட்டறை அண்ணாச்சி
நாற்காலி விஷயம். பிளாஸ்டிக் நாற்காலியும் சக்கரம் வச்ச ஆபீஸ் நாற்காலியும் வேண்டாம். நாலு கால் மரநாற்காலியைச் சுவரோட ஒட்டிப் போடுங்க. மெஷினுக்கும் நாற்காலிக்கும் அடியில ஒரே ரப்பர் பாயா விரிங்க, அப்புறம் மெஷின் அடிச்சட்டத்தையும் நாற்காலி முன்கால் ரெண்டையும் லக்கேஜ் பெல்ட்டால சேர்த்துக் கட்டுங்க. மிதிக்கிற விசைதான் நாற்காலியைப் பின்னால தள்ளுது. பாய் மட்டும் போட்டா தீராது. வீல்சேர்னா பிரேக் போட்டதோட இந்தக் கட்டும் வேணும்.

கரண்ட் போறதையும் யோசிங்க. கால் கட்டாம மெஷினை ஓடவிட்டு, பிளக் சுவிட்சை அணைச்சுப் போடுங்க. கரண்ட் வந்ததும் தானா சுத்த ஆரம்பிச்சா ஆச்சியைத் தனியா விட்டுட்டு அந்தப்பக்கம் போகவே கூடாது. கரண்ட் போனதும் முதல்ல சுவிட்சை அணைக்கணும், பிறகுதான் பட்டையை அவிழ்க்கணும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஓட்டினா மோட்டார் உறுமும், சூடேறும். சைன் வேவ்தான் சரி.

மோட்டார் சத்தம் வருது, பெடல் நிக்குதுன்னா மெஷின் உள்ள இருக்கிற பெல்ட் வழுக்குது. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை டக்குனு கேட்டா தண்டு போல்ட் தளர்ந்திருக்கு. சைக்கிள் மாதிரி பெடல்னா இடது பெடல் மரை எதிர்மரை, வலது மாதிரி முடுக்கினா மரை போயிரும். ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) பிடிக்கலைனா நூல் அடைச்சிருக்கும், பழைய டூத்பிரஷ்ஷால சுரண்டுங்க.

அம்பைக்காரன்
வேகத்தை 12ஆ குறைச்சு, நாற்காலியை நாலு விரக்கடை முன்னால தள்ளிப் போட்டோம். பின்னால சுத்தறது நின்னுட்டு. திசையை மாத்தி மாத்தி ஓட்டலாமா?

பாளை பிசியோ
ஓட்டலாம். பாதி நேரம் முன்பக்கம், பாதி நேரம் பின்பக்கம். பெடல் முழுசா நின்னபிறகுதான் திசையை மாத்தணும். பின்பக்கம் சுத்தும்போது இழுப்பு கூடுதலா வந்தா அந்தத் திசையை ஒரு வாரம் விட்டுட்டு, 10 சுத்துல மறுபடி ஆரம்பிங்க.