அச்சுக்குப் போகும் முன் முகவரி

குழு: வீட்டுக் கூட்டம்

பெரியம்மா, கொழிஞ்சாம்பாறை:
அனைவருக்கும் வணக்கம். நமது சித்தூர் ஆற்றுத் தண்ணீரைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை நேற்றிரவு இணையத்தில் வெளியிட்டுவிட்டேன். இணைப்பை மேலே அனுப்பியிருக்கிறேன். நூலகத்தின் ஆண்டு மலரில் கட்டுரையின் சுருக்கத்தையும் அதன் கீழே இணைய முகவரியையும் அச்சிட இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முகவரியைக் கொடுக்க வேண்டும் என்பதால் எல்லோரும் ஒருமுறை திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.

மாமா, வேலந்தாவளம்:
அக்கா, இணைப்பைத் தொட்டால் கட்டுரை வரவில்லை. மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்கிறது. நான் எதையும் கொடுக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அக்கா, மீனாட்சிபுரம்:
எனக்கும் அப்படித்தான் வருகிறது, பெரியம்மா.

நான்:
பெரியம்மா, நீங்கள் அனுப்பியிருப்பது கட்டுரையை எழுதித் திருத்தும் பக்கத்தின் முகவரி. அது உங்கள் கணக்கில் நுழைந்தவருக்கு மட்டுமே திறக்கும். அதில் நீங்கள் எழுதும் சேவையான பிளாக்கரின் பெயர், பிளாக்கர்.காம் என்று இருப்பதைக் கவனியுங்கள். வாசகர் காணும் பக்கமோ உங்கள் தளத்தின் பெயரில் தொடங்கி பிளாக்ஸ்பாட்.காம் என்று வரும். கட்டுரைகளின் பட்டியலில் கண் வடிவப் பொத்தானைத் தொட்டுப் பக்கத்தைத் திறந்து, அப்போது மேலே முகவரிப் பட்டையில் தெரிவதை நகலெடுத்து அனுப்புங்கள்.

பெரியம்மா, கொழிஞ்சாம்பாறை:
இப்போது அனுப்பியிருப்பது சரிதானா, கண்ணு? இத்தனை புள்ளிகளும் சாய்கோடுகளும் வரிசையாக நிற்கின்றனவே, எதை எங்கிருந்து படிப்பது என்று சொல்லிக்கொடு. அடுத்த முறை நானே பார்த்துக்கொள்வேன்.

நான்:
சரியான முகவரிதான். முதலில் வரும் எச்.டி.டி.பி.எஸ். என்பது உலாவியும் அந்தத் தளமும் எந்த முறையில் பேசிக்கொள்ள வேண்டும் என்பதைக் குறிக்கிறது. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் தொடங்கி அடுத்த ஒற்றைச் சாய்கோடு வரையில் இருப்பது, இடம் யாருடையது என்பதைச் சொல்லும் பெயர். இந்தப் பெயரை மட்டும் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்: கடைசியில் காம், அதற்கு முன் பிளாக்ஸ்பாட், அதற்கும் முன் அங்கே உங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பெயர். ஒற்றைச் சாய்கோட்டைத் தாண்டியபின் வழக்கம்போல இடமிருந்து வலமாகப் படிக்கலாம். உங்கள் தளத்தில் அங்கே ஆண்டு, மாதம், பக்கத்தின் பெயர் என்று வரிசையாக வரும்.

அக்கா, மீனாட்சிபுரம்:
அப்படியென்றால் வங்கியின் பெயரைச் சொல்லி வரும் குறுஞ்செய்திகளையும் இப்படியே பார்க்கலாமா, தம்பி?

நான்:
கட்டாயம் பார்க்க வேண்டும், அக்கா. வங்கியின் பெயர் முதலில் வந்து, அதன்பின் புள்ளி வைத்து வேறொரு பெயரில் முடிந்தால், அந்த இடம் கடைசியில் இருக்கும் பெயருக்குரியவருடையது. முகவரிக்கு அருகில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்பிவிடவும் கூடாது. நாம் அனுப்புவதை வழியில் வேறொருவர் படிக்க முடியாது என்பதைத்தான் அது காட்டுகிறதே தவிர, மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதற்கு அது சாட்சி அல்ல.

மாமா, வேலந்தாவளம்:
அந்த இரட்டைச் சாய்கோடு எதற்கு, மாப்பிள்ளை?

நான்:
இணையப் பக்கங்களுக்கு இந்த முகவரி முறையை வகுத்த டிம் பெர்னர்ஸ் லீ, அந்த இரண்டு கோடுகளும் தேவையே இல்லை என்று 2009இல் சொல்லிவிட்டார், மாமா. அதற்குள் உலகமே பழகிவிட்டதால் அப்படியே நிலைத்துவிட்டது. அச்சிடும்போது எச்.டி.டி.பி.எஸ். பகுதியையும் அந்தக் கோடுகளையும் விட்டுவிடலாம். உலாவி தானாகச் சேர்த்துக்கொள்ளும்.

பெரியம்மா, கொழிஞ்சாம்பாறை:
என் முகவரியின் கடைசியில் ‘பிளாக்-போஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. நான் தலைப்பைத் தமிழில் அல்லவா எழுதினேன்?

நான்:
தமிழில் எழுதியதால்தான் அப்படி வந்திருக்கிறது. இந்தச் சேவை பக்கத்தின் பெயரில் ஆங்கில எழுத்தையும் எண்ணையும் சில குறிகளையும் மட்டுமே ஏற்கும். தலைப்பில் அவை இல்லையென்றால் ஒரு பொதுப்பெயரைத் தானே வைத்துவிடும். எழுதும் பக்கத்தின் ஓரத்தில் நிரந்தர இணைப்பு என்றொரு பகுதி இருக்கிறது. வெளியிடுவதற்கு முன் அங்கே நாமே பெயர் வைக்கலாம். வெளியிட்டபின் மாற்ற வேண்டுமென்றால் கட்டுரையை மீண்டும் வரைவு நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். இது இன்னும் இந்தக் குழுவைத் தாண்டிப் போகவில்லை. ஆகவே இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

மாமா, வேலந்தாவளம்:
தமிழ்க் கட்டுரைக்குத் தமிழிலேயே முகவரி இருக்கக் கூடாதா? எனக்கு அது மனத்துக்கு ஒப்பவில்லை.

நான்:
இருக்கலாம், மாமா. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் பக்கத்தின் பெயர் தமிழில்தான் இருக்கிறது; .இந்தியா என்று முடியும் தளப்பெயரும் உண்டு. ஆனால் தமிழ் முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் அது சதவீதக் குறிகளாக மாறிவிடுகிறது. எழுத்தையும் அதன்மேல் வரும் புள்ளி, கொக்கி போன்றவற்றையும் தனித்தனியாக எண்ணுவதால், கணினியில் ‘சித்தூர்’ என்பது எட்டுக் குறியீடுகள். கணினி சேமிக்கும் அலகில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாக விரியும். நான்கெழுத்து ஊர்ப்பெயர் 72 எழுத்தாக நீண்டுவிடும். திரையில் தொட்டுத் திறப்பவருக்கு அதனால் தொல்லை இல்லை. தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்பவரால் அது முடியாது.

அக்கா, மீனாட்சிபுரம்:
என் மகள் மலையாள வழியில் படிப்பதால் அவளுக்குத் தமிழ் எழுத்து வேகமாக வராது. அவளுடைய பள்ளித் தோழிகளும் மலரைப் பார்ப்பார்கள். இரண்டு மொழிப் பிள்ளைகளும் அடிக்கக்கூடிய எழுத்து ஆங்கில எழுத்துதான்.

பெரியம்மா, கொழிஞ்சாம்பாறை:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ‘சித்தூர்-தண்ணீர்’ என்று ஆங்கில எழுத்தில் வைத்துவிடட்டுமா?

நான்:
அதில் இரண்டு இடைஞ்சல்கள் உள்ளன. தண்ணீரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். சித்தூர் என்றதும் வெளியூரில் இருப்பவர்கள் ஆந்திரச் சித்தூரைத்தான் நினைப்பார்கள். அதற்கு இரண்டு ஓ போட்டு எழுதுகிறார்கள், நம் சித்தூருக்குக் கேரள அரசு ஒரே யு போடுகிறது. ‘பாலக்காடு-சித்தூர்-ரிவர்’ என்று வைத்தால் எந்த ஊர், எந்தப் பொருள் என்பது முகவரியைப் படித்ததுமே விளங்கும். முழுவதும் சிறிய எழுத்தாகவே இருக்கட்டும்: தளத்தின் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான் என்றாலும், சாய்கோட்டுக்குப் பின் அவை வேறுபடலாம்.

பெரியம்மா, கொழிஞ்சாம்பாறை:
அப்படியே மாற்றி வெளியிட்டுவிட்டேன். சென்ற மாதம் எழுதிய பனைக் கட்டுரைக்கும் நல்ல பெயராக வைத்துவிடுகிறேன்.

நான்:
வேண்டாம், பெரியம்மா. அதை நீங்கள் ஆசிரியர் சங்கக் குழுவிலும் பொள்ளாச்சி உறவினர்களுக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். பெயரை மாற்றினால் அவர்களிடம் இருக்கும் இணைப்பு, பக்கம் இல்லை என்று பொருள்படும் 404 என்ற எண்ணைச் சொல்லி நின்றுவிடும். பலர் கைக்குப் போய்விட்ட முகவரி பார்க்க அழகாக இல்லாவிட்டாலும் அதை மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. என்றாவது மாற்றியே தீர வேண்டுமென்றால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. அதைச் செய்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

மாமா, வேலந்தாவளம்:
இப்போது கட்டுரை திறக்கிறது. ஆனால் என் கைபேசியில் முகவரியின் வாலில் ஒரு கேள்விக்குறியும், எம், சமக்குறி, ஒன்று என்பனவும் சேர்ந்திருக்கின்றன. இது வேறு பக்கமா?

நான்:
அதே பக்கம்தான், மாமா. கைபேசிக்கான தோற்றத்தைக் கேட்கும் குறிப்பு அது. அச்சுக்குக் கொடுக்கும்போது கேள்விக்குறியிலிருந்து வெட்டிவிடலாம். ஆனால் எல்லாத் தளத்திலும் இப்படி வெட்டிவிட முடியாது. யூடியூபின் முழு முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் 11 எழுத்துகள்தான் எந்தக் காணொளி என்பதையே சொல்கின்றன. வெட்டியபின் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

மாமா, வேலந்தாவளம்:
அக்கா, கட்டுரை மிக நன்றாக இருக்கிறது. கேரளமும் தமிழ்நாடும் ஆற்றுநீரைப் பகிரும் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி 1958 முதலே செல்லுபடியானதையும், மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (725 கோடி கன அடி) நமக்கு வர வேண்டும் என்பதையும் இத்தனை தெளிவாக வேறெங்கும் நான் படித்ததில்லை. ஆனால் எங்கள் விவசாயிகள் கேட்பது மூலத்தரைக் கால்வாயைப் பற்றிய பகுதியை. அது கட்டுரையில் வெகுதூரம் கீழே இருக்கிறது. அதைத் தேடித் தேடி விரல் ஓய்ந்துவிட்டது. படித்து முடித்ததும் பனைக் கட்டுரைக்குப் போகலாம் என்றால் அதற்கும் வழி தெரியவில்லை.

பெரியம்மா, கொழிஞ்சாம்பாறை:
முகவரியை மட்டும் சரிசெய்தால் போதும் என்று நினைத்தேன். இதற்கு என்ன செய்வது, கண்ணு?

நான்:
மாமா சொன்னதுதான் முக்கியம், பெரியம்மா. ஒருவர் மலரைப் பார்த்து நேரே இந்தப் பக்கத்துக்குள் வருகிறார். அவர் உங்கள் முகப்பைப் பார்த்திருக்கவே மாட்டார். இது யாருடைய தளம், இங்கே வேறென்ன இருக்கிறது என்பதை இந்தப் பக்கமே அவருக்குச் சொல்ல வேண்டும். மேலே ‘முகப்பு’, ‘ஆறு’, ‘பனை’, ‘என்னைப் பற்றி’ என்று நான்கு சொற்கள் போதும். ஆறு, பனை என்ற லேபிள்களைக் கட்டுரைகளுக்கு இட்டுவிட்டால், அந்தச் சொல்லைத் தொட்டதும் அது பற்றிய கட்டுரைகள் மட்டும் வரும். கட்டுரைக்குள் பனையைப் பற்றிப் பேசும் வரியிலேயே அந்தக் கட்டுரைக்கு இணைப்புக் கொடுங்கள். ‘இங்கே சொடுக்கவும்’ என்று எழுத வேண்டாம். ‘கொழிஞ்சாம்பாறைப் பனைகள்’ என்ற சொற்களே இணைப்பாக இருந்தால், தொடுவதற்கு முன்பே எங்கே போகிறோம் என்று வாசகருக்குத் தெரியும்.

நீளமான கட்டுரைக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மூலத்தரை என்ற துணைத்தலைப்புக்கு ஓர் அடையாளப் பெயர் வைத்து, முகவரியின் இறுதியில் ஹேஷ் குறியும் (#) அந்தப் பெயரும் சேர்த்தால், பக்கம் திறந்ததும் உலாவி அந்த இடத்துக்கே இறங்கிவிடும். இதற்கு, பக்கத்தின் உள்குறியீட்டைக் காட்டும் எச்.டி.எம்.எல். பார்வையில் ஒரு சொல் சேர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வரும்போது இருவரும் உட்கார்ந்து செய்துவிடலாம்.

அக்கா, மீனாட்சிபுரம்:
மலரில் கியூஆர் குறியும் போடச் சொல்லலாமா?

நான்:
போடலாம், அக்கா. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் இருப்பதும் இதே முகவரிதான். இது மாறினால் அதுவும் வேலை செய்யாது. ஆகையால் எழுத்திலும் இருக்கட்டும். பெரியம்மா, முகவரி ஒரே வரியில் அடங்காவிட்டால் சாய்கோட்டுக்குப் பின் மடிக்கச் சொல்லுங்கள். வரியின் முடிவில் இணைப்புக்கோடு போட்டு மடித்தால், அது முகவரியைச் சேர்ந்ததா அச்சகத்தார் போட்டதா என்று யாருக்கும் தெரியாது.

பெரியம்மா, கொழிஞ்சாம்பாறை:
அச்சகத்துக்கு அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். நாளை மாலை மெய்ப்பு வரும். அதைப் படமெடுத்து இங்கே போடுகிறேன். குழுவில் இருக்கும் இணைப்பை யாரும் தொடாமல், தாளில் இருப்பதை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டச்சு செய்து, பக்கம் திறக்கிறதா என்று ஒவ்வொருவரும் எனக்குச் சொல்லுங்கள்.